மூன்று புகார் வந்தால் மாற்றித் தரப்படும்

மரகதத்துக்கு இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று கம்பெனிக் குரல், இன்னொன்று வீட்டுக் குரல்.

கோயமுத்தூரில் கொங்குமணி வெட் கிரைண்டர் கம்பெனியின் புகார் பிரிவு என்றால் அது மரகதம்தான். இருபத்தேழு வருடமாக அதே நாற்காலி. சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு போன் போட்டவர்கள், பேசி முடிக்கும்போது 'சாப்பிட்டீங்களா அக்கா' என்று கேட்டுவிட்டு வைப்பார்கள். ஒருமுறை திருச்சிக்காரர் ஒருவர், கிரைண்டர் கல்லைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்து முதலாளி தலையில் போடப்போவதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் அவளோடு பேசியதில் மனம் இளகி, மச்சினிச்சி கல்யாணத்துக்கென்று இன்னொரு கிரைண்டருக்கு ஆர்டர் கொடுத்தார். அப்படியொரு தேன் குழைத்த குரல்.

சாயங்காலம் சங்கு ஊதுவதற்குள் அந்தத் தேன் சட்டி காலியாகிவிடும். வீட்டுக்கு வருவது மற்றக் குரல். "ஏனுங்க, சாப்பிட்ட தட்டு வெச்ச எடத்துலயே கெடக்குது. அதுக்கென்ன கால் முளைச்சு நடந்து வருமாக்கும்?" இது நல்ல மனநிலையில் இருக்கும்போது பேசுவது.

அவள் கணவர் நாச்சிமுத்து, கல்யாண வீடுகளுக்கு நாற்காலியும் அண்டாவும் வாடகைக்கு விடுபவர். ஒருநாள் கடையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தார், பேச்சுக்கும் சேதமில்லை. ஆனால் இடது கால் இழுத்துக்கொண்டது. இடது கை விரல்கள் முஷ்டியாக மடங்கி, திறக்க மாட்டோம் என்று அடம்பிடித்தன.

ஆளும் சும்மா இருக்கிறவரில்லை. பார்த்துக்கொள்ள வந்த இரண்டு நர்சுகளைச் சண்டை போட்டே துரத்தினார். மூன்றாவதாக ஒரு ரோபோ வந்தது. அதனிடம் ஓயாமல் "உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஏன் ஆகலை? மாப்பிள்ளை பாக்கட்டுமா?" என்று கேட்டுக் கேட்டே தொலைத்ததில், அது தன் சுவிட்சைத் தானே அணைத்துக்கொண்டது. பிள்ளைகள் இல்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர், அவ்வளவுதான். ஆக, மரகதம் லீவு கேட்டு மனிதவள அதிகாரி பிரணேஷிடம் போய் நின்றாள்.

"சட்டமே இருக்குதுங்க மேடம்" என்றான் பிரணேஷ், ரொம்பச் சந்தோஷமாக. "இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல வேலை செஞ்சவங்க வீட்ல புருஷனோ பொண்டாட்டியோ படுத்துட்டா, அந்த ஊழியரே பக்கத்துல இருந்து கவனிக்கறதுக்குக் கம்பெனிதான் ஏற்பாடு பண்ணணும்."

"அப்ப லீவு போட்டுக்கறேனுங்க."

"லீவெல்லாம் எதுக்குங்க? உங்கள மாதிரியே ஒரு பிரதி செஞ்சு வீட்டுக்கு அனுப்பிடறோம். அதே முகம், அதே பேச்சு. போன வருஷம் சட்டத்தைத் திருத்தினாங்கல்ல, பிரதியும் ஊழியரும் ஒண்ணுன்னு. நீங்க வீட்லயும் இருக்கீங்க, இங்கயும் இருக்கீங்க."

மரகதம் யோசித்தாள். "அப்படின்னா அதை இங்க உக்கார வெச்சுட்டு என்னை வீட்டுக்கு அனுப்புங்களேன்."

"அது முடியாதுங்க மேடம். புகார் சொல்ற கஸ்டமர்கிட்ட மெஷின் பேசக்கூடாது, மனுஷங்கதான் பேசணும்னு நுகர்வோர் சட்டம் இருக்குது. மீறினா கம்பெனியை மூடிருவாங்க."

"கிரைண்டர் வாங்கினவனுக்கு மனுஷி வேணும். எனக்குத் தாலி கட்டினவருக்கு மெஷின் போதுமா?"

பிரணேஷ் உண்மையிலேயே வருந்தினான். அவன் கெட்டவன் இல்லை, சட்டம் படித்தவன். "அவரு நம்ம கஸ்டமர் இல்லீங்களே மேடம்" என்றான்.

பிரதியைச் செய்வதற்கு மரகதத்திடம் எதையும் கேட்கவில்லை. புகார் சொல்ல யார் கூப்பிட்டாலும் 'தரத்தை உயர்த்துவதற்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது' என்று முதலில் ஓர் அறிவிப்பு வருமே, அந்தப் பதிவெல்லாம் பத்திரமாக இருந்தது. இருபத்தேழு வருடத்துப் பேச்சையும் ஊற்றித்தான் பிரதியைக் காய்ச்சி எடுத்தார்கள். புகார் பிரிவின் சுவரில் பெரிய முதலாளி காலத்தில் எழுதிவைத்த இரண்டு விதிகளும் அதோடு சேர்ந்து உள்ளே போயின. ஒன்று, கஸ்டமர் ஐந்துக்கு ஐந்து மார்க் போடும்வரை புகாரை முடிக்கக் கூடாது. மற்றது, ஒரே குறைக்கு மூன்று புகார் வந்தால் எதிர்க்கேள்வி கேட்காமல் பழையதை எடுத்துக்கொண்டு புதியதைத் தந்துவிட வேண்டும். ஊரெல்லாம் விளம்பரம் செய்து பேர் வாங்கிய விதி அது.

பிரதி வீட்டுக்குப் போன முதல் நாள், மரகதம் வேலை முடிந்து பதறியடித்துக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பேச்சுக் கேட்டது.

"காலு வலிக்குது" என்றார் நாச்சிமுத்து. யாரையோ அடிக்கப்போகிற தொனி.

"அடடா, உங்க சிரமத்துக்கு ரொம்ப வருந்தறேனுங்க சார்" என்றது மரகதத்தின் குரல். "எந்தக் காலுங்க? எடதா, வலதா?"

"எடது."

"எத்தனை வருஷமா உபயோகத்துல இருக்குதுங்க?"

"அறுவத்திரண்டு வருஷமா."

"அடேங்கப்பா! அத்தனை வருஷமா ஒரு ரிப்பேர் இல்லாம ஓட்டியிருக்கீங்களே, உங்கள மாதிரி பாத்துப் பதமா வெச்சுக்கறவங்க எங்கீங்க சார் இருக்காங்க இந்தக் காலத்துல?"

நாச்சிமுத்து, பொண்ணு பார்க்கப் போன மாப்பிள்ளையைப் போலக் குழைந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க…"

"அரிசிய ஊறப் போடாம அரைச்சீங்களா சார்?"

"நானா? இல்லீங்களே."

"அப்ப லோடு ஜாஸ்தியாத்தான் இருக்கும். ஒண்ணும் பயப்படாதீங்க. மெதுவா ஒருவாட்டி காலைத் தூக்கி எறக்கிப் பாருங்க. அவசரமே இல்லை, நான் லைன்லயேதான் இருக்கேன்."

மரகதம் எட்டிப் பார்த்தாள். மூன்று மாதமாக எந்த டாக்டர் சொன்னாலும் காலை அசைக்காத மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். எதிரில் அவளே உட்கார்ந்திருந்தாள். கம்பெனியின் அரக்குக் கலர் சேலை, தலையில் மல்லிகை, நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"இன்னிக்கு எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க சார்?" என்று பிரதி கேட்டது.

"அஞ்சு" என்றார் நாச்சிமுத்து, யோசிக்காமல்.

மரகதம் விடுவிடுவென்று சமையலறைக்குள் போய்க் காப்பி போட்டு எடுத்துவந்து நீட்டினாள். "எப்படி இருக்குது?"

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நேர்மையாகச் சொன்னார். "மூணு."

அன்றைக்கு அந்த வீட்டில் பாத்திரங்கள் பேசிய பேச்சை எழுதினால் பக்கம் போதாது. கடைசியில் மரகதமே பொறுக்க முடியாமல் கேட்டாள். "அந்தத் தகர டப்பாவைப் பாத்து அப்படிப் பல்லைக் காட்டறீங்களே, அதுல என்ன இருக்குதுங்கறேன்?"

நாச்சிமுத்து பதில் சொன்னபோது குரலில் சண்டை இல்லை. "உன்ற குரல் இத்தனை நல்லா இருக்கும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும் அம்மணி. உன்னை வேலைக்கு எடுத்தவங்க அதைத் தினமும் கேட்டிருக்காங்க. எனக்கு வந்து சேந்ததெல்லாம் வெறுந்தொண்டைதான்."

அவர் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார் என்பதுதான் அவளுக்கு வலித்தது. இத்தனை வருடமும் இந்த மனுஷன் தன் பங்கு என்று ஒன்றைக் கேட்டதே இல்லை. மோர் ஊற்றுகிற சாக்கில் சமையலறைக்குள் போய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து நாச்சிமுத்து தேறத் தொடங்கினார். பிரதி 'லைனிலேயே' இருக்க, வாசல்வரை நடந்தார். மரகதம் நிம்மதிப்படவும் முடியாமல், பொறாமைப்படவும் வெட்கமாக இருக்க, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் கிரைண்டருக்கெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். மெஷின் மேல் பொறாமைப்படுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதையும் வீட்டுக் குரலில்தான் திட்டினாள்.

கைதான் அசையவில்லை. திங்கட்கிழமை நாச்சிமுத்து பிரதியிடம் சொன்னார், விரல் பிரிய மாட்டேங்குது என்று. புதன்கிழமை மறுபடி சொன்னார். வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மரகதத்தின் திரையில் வழக்கம்போல அன்றைய மாற்று ஆர்டர்கள் வரிசையாக வந்தன. டேபிள்டாப் கிரைண்டர் ஒன்று, மூடி உடைந்தது. டில்டிங் கிரைண்டர் ஒன்று, பெல்ட் அறுந்தது. அதற்கும் கீழே இருந்ததைப் படித்து அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

'நாச்சிமுத்து ஒன்று. அறுபத்திரண்டு வருடப் பழசு. இடது கை இயங்கவில்லை. மூன்று புகார் வந்துவிட்டது. பழையதை எடுத்துக்கொண்டு புதியது தரவும். ஒப்புதல்: மரகதம். வண்டி கிளம்பிவிட்டது.'

ஹெட்போனைக் கழற்றக்கூட இல்லை. அது கழுத்தில் தொங்க, ஓடினாள். "மேடம், லைன்ல கஸ்டமர்!" என்று பிரணேஷ் பின்னாலேயே கத்தினான். "நீ பேசு!" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

வீட்டு முன்னால் கம்பெனி வண்டி நின்றது. நடுக்கூடத்தில் பாலிதீன் உறைகூடப் பிரிக்காத ஒரு புத்தம்புது கிரைண்டர். அதன் பக்கத்தில், சாமான் ஏற்றும் தள்ளுவண்டியில், நாற்காலியோடு வைத்துக் கட்டப்பட்ட நாச்சிமுத்து. அடிபடாமல் இருக்க நாலு பக்கமும் தெர்மாகோல். சட்டையில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர். டெலிவரி செய்கிற காளிதாஸ், தலையைச் சொறிந்தபடி கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"டேய் காளிதாசு! என்ன பண்றே?"

காளிதாஸ் அவளைப் பார்த்தான். சுவரோரம் நின்ற பிரதியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். "நீங்கதானுங்களே அக்கா எடுத்துட்டு வரச் சொன்னீங்க. எனக்கே கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு. மரகதம் அக்கா சொன்னா அதுல ஏதாச்சும் காரணம் இருக்கும்னுதான்…"

மரகதத்தைப் பயமுறுத்தியது கயிறோ ஸ்டிக்கரோ அல்ல. நாச்சிமுத்து சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு நர்சுகளையும் ஒரு ரோபோவையும் ஓட ஓட விரட்டிய மனுஷன், வாடகைக்குப் போகிற அண்டாவைப் போல, தூக்கிக்கொண்டு போகட்டும் என்று இருந்தார்.

"ஏனுங்க, நீங்க ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"என்னத்தைக் கேக்கறது?" அவர் கண் கலங்கியிருந்தது. "இனி இது ரிப்பேர் ஆகாது சார், மாத்திக்கறது நல்லதுன்னு உன்ற குரல்லயே சொல்லிருச்சு. அத்தனை மருவாதையா, அத்தனை இனிப்பாச் சொல்லுச்சு. எனக்கு மறுத்துப் பேச முடியலை அம்மணி. உனக்கும் பாரம் கொறையும்னு தோணுச்சு."

மரகதம் வீட்டுக் குரலை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"யார்றா சொன்னது ரிப்பேர் ஆகாதுன்னு? எந்தப் பொறம்போக்கு சொன்னது? ஏனுங்க, உங்களுக்கு மூளை எங்கீங்க போச்சு, அதுக்குமா வாதம் வந்துருச்சு? கட்டிக் கொண்டுபோனா அப்படியே போயிருவீங்களா? காலைல அடுப்புல வெச்ச பருப்பை எறக்கினீங்களா இல்லையா? வாய் மட்டும் ஊர் அளவுக்கு இருக்குது, வேண்டிய நேரத்துல தொறக்க வேண்டாமா? பாரமாம்ல, பாரம்! எனக்குப் பாரம்னு நான் சொன்னனா? டேய், அவுத்து விடுடா கயித்தை!"

தெருவே வாசலில் கூடிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. காளிதாஸ் அவசர அவசரமாகக் கயிற்றை அவிழ்த்தான். நாச்சிமுத்துவோ அழுகையும் சிரிப்புமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "திட்டு அம்மணி, இன்னும் திட்டு. நீதான். நீயேதான்."

"உங்க கோபம் முழுக்க நியாயமானதுங்க மேடம்" என்றது பிரதி.

"நீ வாயை மூடு."

"கண்டிப்பாங்க. வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

மரகதம் மூச்சு வாங்கினாள். புதுக் கிரைண்டர் கண்ணில் பட்டது. "காளிதாசு, இது யாரு பேருக்குடா பில்லு?"

"அண்ணன் பேருக்குத்தானுங்க அக்கா. மாத்திக் கொடுக்கறப்ப புகார் சொன்னவங்க பேருக்குத்தானே போடுவோம்."

அன்றைக்கு முதல்முறையாக மரகதம் சிரித்தாள். கழுத்தில் கிடந்த ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, கொங்குமணி கம்பெனியின் புகார் எண்ணை அழைத்தாள். தரத்தை உயர்த்துவதற்காகப் பதிவு செய்யப்படுகிறது என்ற அறிவிப்பை ஆற அமரக் கேட்டாள். பிறகு பிரணேஷின் குரல் வந்தது, பாதி அழுகையில். அதுவரை அவனிடம் நாலு பேர் கத்தியிருந்தார்கள்.

"வணக்கமுங்க. உங்க கஸ்டமர் நாச்சிமுத்து வீட்லருந்து பேசறேன்."

"மேடம், நீங்களா? சீக்கிரம் வாங்க, இங்க ஒருத்தர் கல்லைத் தூக்கிட்டு வரேங்கறாரு…"

"எங்களுக்குப் பொருள் மாத்தி அனுப்பிட்டீங்க. பொண்டாட்டி கேட்டாரு, நீங்க வேறொண்ணை அனுப்பிட்டீங்க. புருஷனை சார்ங்குது, ஒண்ணு. காலு வலின்னா அரிசி ஊறப் போட்டீங்களாங்குது, ரெண்டு. ஆளையே பார்சல் கட்டுது, மூணு. எல்லாம் ஒரே கொறைக்குத்தான், மூணு புகாராச்சு. இதை எடுத்துக்கிட்டு அசலை அனுப்பிருங்க."

"அவரு கஸ்டமர் இல்லீங்க…" என்று ஆரம்பித்த பிரணேஷுக்குத் திரையில் பில் தெரிந்திருக்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டான்.

"கஸ்டமர்கிட்ட மனுஷங்கதான் பேசணும்னு சட்டம் இருக்குதுங்களாமே?" என்றாள் மரகதம், கம்பெனிக் குரலில். "நான் லைன்லயேதான் இருக்கேனுங்க. அவசரமே இல்லை."

விஷயம் சின்ன முதலாளிவரை போனது. அவர் சட்டத்துக்குப் பயந்ததைவிட, சுவரில் தாத்தா எழுதிவைத்துப் போனதற்குத்தான் அதிகம் பயந்தார். ஆளைக் கட்டித் தூக்கப் பார்த்த சேதி வெளியே போனால் கிரைண்டர் விற்குமா என்ற பயமும் இருந்தது. "எடுத்துட்டு அசலையே கொடுத்திரு. முழுச் சம்பளத்தோட" என்றார் பிரணேஷிடம். "கஸ்டமர் அஞ்சுக்கு அஞ்சு போடற அன்னிக்கு மேடம் வேலைக்கு வரட்டும். அதுவரைக்கும் புகார் பிரிவு நீதான்."

பிரதி கம்பெனி ஷோரூமுக்குப் போய்விட்டது. அங்கே மாவு அரைத்துக் காட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நாச்சிமுத்து எப்போதாவது "அது சௌக்கியமா இருக்குதாமா?" என்று விசாரிப்பார். மரகதம் கரண்டியைக் காட்டுவாள்.

வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகு, ஊரார் புகாரைக் கேட்காத தொண்டை மெல்ல ஆறியது. ஒருநாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு முனகியபோது, "எந்தக் காலுங்க? இப்படி நீட்டுங்க, தேச்சு விடறேன்" என்றாள். நாச்சிமுத்து திடுக்கிட்டு அவள் தலையில் மல்லிகை இருக்கிறதா என்று பார்த்தார். "மெஷின் இல்லை, நான்தான்!" என்று அவள் கத்திய பிறகுதான் காலை நீட்டினார்.

திங்கட்கிழமை தோறும் பிரணேஷ் போன் செய்வான். புகார் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவன் குரலும் இப்போது நன்றாகப் பழுத்திருந்தது. அவன் பெண்டாட்டி அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டதாகவும் சொன்னான், வீட்டுக்கு வந்தால் எரிந்து விழுகிறானாம்.

அப்படியொரு திங்கட்கிழமையும் போன் வந்தது. மரகதம் அடுப்படியில் இருந்தாள். காலையிலிருந்து அவருக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, விரல் விரலாக எண்ணெய் தடவி, பிடித்த கொள்ளுப் பருப்பும் கடைந்து வைத்திருந்தாள்.

"வணக்கமுங்க சார். உங்க மனைவியோட கவனிப்புக்கு இந்த வாரம் அஞ்சுக்கு எத்தனை மார்க்குங்க?"

"மூணுதானுங்க தம்பி" என்றார் நாச்சிமுத்து, சாகக் கிடக்கிறவர் குரலில்.

மரகதம் கரண்டியோடு வெளியே வந்தாள். மூணா? இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுவது என்று வாயைத் திறந்தாள்.

"அந்த ரெண்டு மார்க் எதுலீங்க சார் கொறையுது?"

"அது சொல்லத் தெரியலீங்களே. இன்னும் ரொம்ப நாளாகும்போல இருக்குதுங்க" என்று போனுக்குள் முனகிக்கொண்டே, அவர் இடது கையை மடியிலிருந்து தூக்கி அவளுக்கு முன்னால் நீட்டினார். மடங்கிக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. நடுங்கிக்கொண்டு, கடைசியில் கட்டை விரலும் பிரிந்து நின்றது. ஐந்து.

மரகதம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரணேஷ் அடுத்த திங்கட்கிழமை கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.